பதினெட்டாம் அத்தியாயத்தில் கதவைத் திறப்பவன்

நாவலை மேசை லாச்சிக்குள் வைத்துப் படிக்கிறேன்.
மேலே வருகைப் பதிவேடு, நீல மைப் பேனா,
யாரோ விட்டுப்போன டென்னிஸ் கைப்பட்டி.
அங்கத்தவர் யாரும் வந்தால்
முழங்காலால் லாச்சியை மூடுவேன்.
கறுவாத்தோட்டத்தில் கதவுகள் சத்தமில்லாமல் மூடும்.
இது மட்டும் கிரீச்சிடும்.

வெளிவாரிப் பட்டம், இரண்டாம் வருடம்.
ஞாயிறு காலை வெள்ளவத்தையில் வகுப்பு:
கீழே பல் வைத்தியசாலை, மேலே நாங்கள் பதினொரு பேர்.
நூறு வருடத்துக்கு முந்திய ஒரு பெண்ணை
மின்விசிறிக்குக் கீழே வைத்து விவாதிக்கிறோம்.
கணவனை விட்டு வந்தவள்.
நகரத்து வரவேற்பறைகள் ஒவ்வொன்றாய்
அவளுக்கு மூடிக்கொள்கின்றன.
ஒருவரும் கத்துவதில்லை, அதுதான் இந்தப் புத்தகத்தின் பயங்கரம்
என்கிறார் வசீகரன் சேர்.
ருஸ்தா கேட்டாள்:
"ரெண்டு நகைய வித்துப்போட்டு
வேற ஊருக்குப் போயிருக்கலாம்தானே சேர்?"
எல்லாரும் சிரித்தோம்.
அவள் கையில் வளையல் இல்லாததை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை, நாலு மணி.
அதே வெள்ளைக் கார். சாரதி இல்லை.
தானே ஓட்டி வந்திருந்தார் திருமதி ராஜநாயகம்.
மகளின் கையில் நீச்சல் கண்ணாடி.

காரியாலயத்திலிருந்து புதிய பட்டியல் வந்திருந்தது.
ராஜநாயகம், எஸ். இருக்கிறது.
ராஜநாயகம், செல்வி ஆரண்யா. இருக்கிறது.
இடையில் ஒரு வரி இருந்த இடத்தைக்
கணினி மேலே இழுத்து மூடியிருந்தது.
வெட்டிய கோடுகூட இல்லை.

விரலை வைத்து மேலிருந்து கீழே போனேன்.
தெரிந்துகொண்டே போனேன்.
கீழிருந்து மேலே வந்தேன்.
"மன்னிக்க வேணும் மேடம், எந்தப் பேரில பாக்கிறது?"
எட்டு வருடமாக அவருக்குக் கதவு திறந்தவள்.

தகப்பன் பெயரைச் சொல்லப்போனார் போல,
உதடு திறந்தது.
பிறகு,
"பிள்ளை போகலாமா?"
"பிள்ளை போகலாம் மேடம்."

ஒரு மணித்தியாலம்
மாரா மரத்துக்குக் கீழே,
கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தார்.
தேசிக்காய்த் தண்ணி ஒன்று அனுப்பலாமென்று எழும்பினேன்.
துண்டில் எழுத அங்கத்துவ இலக்கம் வேணும்.
இருந்தேன்.

இரவு, நூற்றைம்பத்தைந்தில்,
கொட்டாஞ்சேனை வரைக்கும் பதினெட்டாம் அத்தியாயம்.
இரண்டு தடவை வாசித்தும் கண்ணில் படாத ஒருவன் அதில் இருக்கிறான்.
வேலைக்காரன். பெயரில்லை.
மழையில் நிற்கிறவளிடம்
"அம்மா வீட்டில் இல்லை" என்கிறான்,
உள்ளே பியானோ கேட்டுக்கொண்டிருக்கும்போது.
மொத்தம் மூன்று வரி.
கதவைச் சாத்தியபிறகு என்ன செய்தான்?
அவள் போகும்வரை நின்று பார்த்தானா,
சம்பளத்துக்கு எத்தனை நாளென்று எண்ணினானா,
குசினிக்குப் போய் ஆறிய தேத்தண்ணியைக் குடித்தானா,
எழுதியவர் சொல்லவில்லை.
பொரளையில் ஏறிய கூட்டம்
என் தோளில் சாய்ந்து நின்றது.

வினா: அவளது வீழ்ச்சிக்குக் காரணம்
சமூகமா, அவளேயா? ஆராய்க.
சமூகம் என்று தொடங்கினேன்.
அடுத்த சொல் வரவில்லை.
பட்டியலில் மேலும் கீழும் போக
சமூகத்துக்கு விரல் ஒன்று வேணும்.
அந்த விரலுக்கு மாசச் சம்பளம், மேலதிக நேரக் காசு,
தைப்பொங்கலுக்குச் சேலை.
(சேலை தந்தவர் திருமதி ராஜநாயகம். மாம்பழ மஞ்சள்.)
அந்த வேலைக்காரனைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன்.
இருபதுக்கு ஒன்பது.
ஓரத்தில் சிவப்பு மையில்:
"துணைப் பாத்திரம். வினாவுக்குள் வரவும்."

அடுத்த சனி மகள் ஓட்டோவில் வந்தாள், தனிய.
நீச்சல் கண்ணாடிப் பட்டி இறுக்குதாம்.
லாச்சியை மூடவில்லை, நாவல் தெரிந்துகொண்டு கிடந்தது.
நகத்தால் கொளுக்கியை நெம்பித் தளர்த்திக் கொடுத்தேன்.
"தேங்ஸ் அன்ரி."
அவள் பெயருக்கு நேரே
நேரத்தை எழுதினேன்:
4.07